ஸ்டிக்கர் சிவந்திருக்கிறது, எதுவும் கொட்டவில்லை என்கிறார்கள்: லேப்டாப்புக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போனது?

சால்டர்முனை (இழை தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. 14 அங்குல லேப்டாப் ஒன்று மேசையில் திறந்து கிடக்கிறது. கழுவும் முன் உங்கள் கருத்து வேண்டும்.

புகார்: சார்ஜ் விட்டுவிட்டு ஏறுகிறது. இடப்பக்க யூஎஸ்பி-சி போர்ட்டில் மீட்டர் போட்டால் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது, 20 வோல்ட்டுக்குப் போவதில்லை. சில மாதங்களுக்கு முன் இதே போர்ட்டில் களிம்பு ஏறி, போர்ட் மாற்றப்பட்ட இயந்திரம் இது. இப்போது அதே இடத்தில் மறுபடியும் பச்சை பூத்திருக்கிறது.

உள்ளே பார்த்தவை: பேட்டரி கனெக்டரை ஒட்டி இடப்பக்கம் உள்ள ஈரம் காட்டும் ஸ்டிக்கர் (நனைந்தால் வெள்ளை சிவப்பாகும்) சிவப்பு. கீபோர்டுக்கு அடியில் உள்ளதும் டச்பேட் அருகில் உள்ளதும் வெள்ளை. போர்ட்டிலிருந்து உள்நோக்கி ஏறக்குறைய 2 செ.மீ. வரை களிம்பு. கீகேப் நான்கைந்தைக் கழற்றிப் பார்த்ததில் பிசுபிசுப்பு கிடையாது. ஃபேனிலும் ஹீட்சிங்க் தகடுகளிலும் மெல்லிய வெள்ளைப் பொடி.

சொந்தக்காரர் எதுவும் கொட்டவில்லை என்கிறார், பொய் சொல்வதாகத் தெரியவில்லை. காரணம் தெரியாமல் போர்ட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மூன்றாம் முறையும் வரும்.

போர்டுகாரன்

கழுவாமல் கேட்டது நல்லது தோழர். ஐபிஏ (கழுவப் பயன்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றிய நிமிடமே பாதி சாட்சியம் போய்விடும்.

முதலில் படம். விளக்கை மேலிருந்து அடிக்காதீர்கள், போர்டுக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து அடியுங்கள். காய்ந்த நீரின் விளிம்புக்கோடு அப்போதுதான் தெரியும். போர்டு, கீழ்மூடியின் உட்புறம், கீபோர்டுக்குப் பின்னால் ஒட்டிய கறுப்புத் தாள், பேட்டரியின் இரு முகம், எல்லாவற்றையும் எடுங்கள். போர்டைவிடக் கீழ்மூடிதான் அதிகம் பேசும். அது ஒரே பரப்பாக இருப்பதால் கோடு உடையாமல் இருக்கும்.

பிறகு இந்த நான்கைப் பார்த்துச் சொல்லுங்கள்:

1. விளிம்புக்கோடு எந்தப் பக்கத்துக்கு இணையாக ஓடுகிறது? வட்டமா, நேர்கோடா?
2. திரைக் கனெக்டரும் பேக்லைட் சர்க்கியூட்டும் சுத்தமாக இருக்கின்றனவா?
3. களிம்பு ஏறிய கபாசிட்டர்களில் இரண்டு முனையும் கெட்டிருக்கிறதா, ஒரு முனை மட்டுமா?
4. ஸ்க்ரூ தலைகளில் துரு உண்டா? உண்டென்றால் எல்லாவற்றிலுமா, ஒரு ஓரத்தில் மட்டுமா?

பழையபேட்டரி

அதற்கு முன், அது தண்ணீர்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் மாதிரித் தெரிந்து ஏமாற்றுகிற சில விஷயங்கள் உண்டு.

சிப்பின் சூட்டைக் கடத்த ஒட்டும் தெர்மல் பேடிலிருந்து கசியும் சிலிகோன் எண்ணெய். பேடைச் சுற்றி ஈர வளையம் போலத் தெரியும், நாள்கணக்கில் வைத்தாலும் காயாது, விரலில் வழுக்கும். இது மின்சாரத்தைக் கடத்தாது, களிம்பு உண்டாக்காது, ஸ்டிக்கரையும் சிவக்க வைக்காது.

பேட்டரி கசிவு. லித்தியம் பேட்டரிக்குள் இருப்பது தண்ணீர் அல்ல, கார்பனேட் வகைக் கரைப்பான். செல் கிழிந்தால் நெயில்பாலிஷ் நீக்கியைப் போல இனிப்பான, மூக்கில் ஏறும் வாடை வரும். அதிலுள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டாகும். வாடை வந்தாலோ பேட்டரி உப்பியிருந்தாலோ சோதனையை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து, நைட்ரைல் கையுறையோடு பேட்டரியை வெளியே எடுங்கள். முகர்ந்து உறுதி செய்ய முயல வேண்டாம்.

ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்டப் பூசும் பசை) எச்சம். சால்டர் இணைப்பைச் சுற்றி மஞ்சளாகவோ வெள்ளையாகவோ படிந்திருக்கும். உங்கள் போர்டில் ஏற்கெனவே போர்ட் மாற்றியிருப்பதால் இது கட்டாயம் இருக்கும். ஃபிளக்ஸ் சால்டர் இணைப்போடு நின்றுவிடும். களிம்பு ட்ராக் வழியே ஊர்ந்துபோய்ப் பச்சை மாஸ்க்குக்கு (போர்டின் மேல் உள்ள பாதுகாப்புப் படலம்) அடியிலும் கறுப்பாகப் புகும்.

திரவ உலோகம் பூசிய கேமிங் லேப்டாப் என்றால் காலியம் கலவை வழிந்து வெள்ளித் துளியாகக் கிடக்கலாம். உங்களுடையது அந்த வகை இல்லை என்று நினைக்கிறேன்.

புதுவாசகி

சந்தேகம் ஒன்று. ஹீட் பைப்புக்குள் தண்ணீர்தானே இருக்கிறது? அது ஓட்டையாகி ஒழுகியிருக்கலாம் இல்லையா?

பழையபேட்டரி

தண்ணீர்தான் இருக்கிறது, ஆனால் சில துளிகள்தான். அதுவும் பைப்பின் உட்சுவரில் உள்ள செம்புத் திரியில் ஊறியிருக்கும், குழாய்த் தண்ணீர் போல நிரம்பி நிற்காது. உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால், விரிசல் விட்டால் முதலில் வெளிக்காற்று உள்ளே போகும். அதோடு பைப் வேலை செய்வதை நிறுத்திவிடும்: ஒரு முனை கொதிக்கும், ஃபேன் பக்க முனை குளிர்ந்தே கிடக்கும், ப்ராசஸர் நொடிகளில் உச்ச வெப்பத்துக்குப் போகும். இந்த லேப்டாப்பில் சூட்டுப் புகார் இல்லாதபோது ஹீட் பைப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

சால்டர்முனை

பேட்டரி உப்பவில்லை, வாடையும் இல்லை. போர்டுகாரன் கேட்டவற்றுக்குப் பதில்:

1. கீழ்மூடியின் உட்புறத்தில் மூன்று கோடுகள், ஒன்றையடுத்து ஒன்றாக. மூன்றுமே இடப்பக்க விளிம்புக்கு இணை, நேர்கோடு. கடைசிக் கோடு விளிம்பிலிருந்து 18 மி.மீ. தள்ளி. வட்டமாக எதுவும் இல்லை.
2. திரைக் கனெக்டர், பேக்லைட் எல்லாம் புதிது போலச் சுத்தம்.
3. போர்ட்டை ஒட்டிய கபாசிட்டர்களில் நேர்மின் முனை மட்டும் கரைந்திருக்கிறது. ஒன்றில் பேட் பாதி காணோம். கிரவுண்ட் முனை பளபளப்பாகவே இருக்கிறது.
4. இடப்பக்க ஓரத்து ஸ்க்ரூ இரண்டில் துரு. மற்றவை சுத்தம்.

போர்டுகாரன்

இவ்வளவு தெளிவான தடயம் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

தேங்கிய நீரின் விளிம்பு எப்போதும் தரைக்கு இணையாகத்தான் நிற்கும். கோடு இடப்பக்க விளிம்புக்கு இணை என்றால், நனைந்தபோது லேப்டாப் மேசையில் படுத்திருக்கவில்லை, இடப்பக்கம் கீழே வைத்துச் செங்குத்தாக நின்றிருக்கிறது. மேலிருந்து கொட்டியிருந்தால் கீபோர்டுத் தாளில் திட்டுத்திட்டாக வட்டம் விழுந்திருக்கும், அடியிலுள்ள ஸ்டிக்கர் சிவந்திருக்கும். கோடு மூன்று என்பதால் ஒரு தடவை நடந்த விபத்தும் அல்ல. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருக்கிறது.

அடுத்து மின்சாரம். ஈரத்தில் இரண்டு முனைக்கு நடுவே மின்னழுத்தம் இருந்தால் நேர்மின் முனையின் உலோகம் கரைந்து எதிர்முனையை நோக்கி நகரும். சில சமயம் எதிர்முனையிலிருந்து மரக்கிளை மாதிரி உலோக இழை வளர்ந்து ஷார்ட் ஆக்கிவிடும். மின்சாரம் இல்லாத இடத்தில் அதே ஈரம் லேசான மங்கலோடு நின்றுவிடும். ஆக, எது கரைந்திருக்கிறது என்று பார்த்தால் நனைந்திருந்த நேரத்தில் எந்தெந்த லைனில் மின்சாரம் ஓடியது என்று தெரிந்துவிடும். இங்கே கெட்டிருப்பது சார்ஜர் லைன், அதாவது சார்ஜர் சொருகினால் மட்டும் உயிர் வரும் லைன். ஈரம் காயாமல் இருக்கும்போதே சார்ஜர் போட்டிருக்கிறார்கள்.

திரை ஓடும்போது பேக்லைட்தான் போர்டிலேயே உயர்ந்த வோல்ட்டேஜ் உள்ள இடங்களில் ஒன்று, ஈரம் பட்டால் முதலில் அடிவாங்கும். ஆனால் இங்கே ஈரம் அதுவரை எட்டவே இல்லை என்பதால், அது சுத்தமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரு சின்னச் சோதனை: சார்ஜர் முனையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

சால்டர்முனை

ஒரு பக்கம் போட்டால் 20 வோல்ட் வருகிறது. திருப்பிப் போட்டால் 5 வோல்ட்தான்.

நுண்ணோக்கி

அப்படியென்றால் இரண்டு சிசி லைனில் ஒன்று போய்விட்டது. யூஎஸ்பி-சி-யில் சார்ஜரும் லேப்டாப்பும் வோல்ட்டேஜ் பேசிக்கொள்வது சிசி லைன் வழியாக. சிசி1, சிசி2 என்று இரண்டு உண்டு. முனையை எந்தப் பக்கம் சொருகுகிறோமோ அதைப் பொறுத்து ஒன்று வேலை செய்யும். பேச்சு நடக்காவிட்டால் சார்ஜர் 5 வோல்ட்டோடு நின்றுவிடும்.

போர்ட்டில் ஏ4 முனை 20 வோல்ட் வரும் விபஸ். அதற்கு அடுத்த ஏ5 தான் சிசி1. மறுவரிசையில் பி4, பி5 அதே ஜோடி. முனைகளுக்கு நடுவே மையத்துக்கு மையம் வெறும் அரை மி.மீ. ஈரம் அங்கே நின்றால் 20 வோல்ட் சிசி-க்குள் கசியும், பின்னால் இருக்கும் பிடி கன்ட்ரோலர் ஐசி (சார்ஜரோடு வோல்ட்டேஜ் பேசும் சிப்) தாங்காது. போர்ட்டை மட்டும் மாற்றினால் போதாமல் போவது இதனால்தான். போர்ட்டை எடுத்தபின் மல்டிமீட்டரின் டயோட் மோடில் சிசி1, சிசி2 இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வர வேண்டும். போர்ட் இல்லாமலும் வித்தியாசம் இருந்தால் ஐசியையோ பாதுகாப்பு டயோடையோ பாருங்கள்.

ஈரமானி

காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்திருக்கலாமே என்ற கேள்வி வரும் என்பதால் அதையும் பார்த்துவிடுவோம்.

வெளிக்காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 28.7 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். 22 டிகிரி ஏசி அறையிலிருந்து லேப்டாப்பை நேராக வெளியே கொண்டு வந்து திறந்தால் உலோக மூடி உடனே வியர்க்கும், ஃபேன் ஓடினால் உள்ளேயும் வியர்க்கும். எதிர்த்திசையில் இது நடக்காது: 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்குப் பனிநிலை 13 டிகிரிதான், அங்கே லேப்டாப் அவ்வளவு குளிர வாய்ப்பே இல்லை.

ஆனால் இப்படிப் படியும் நீர் இடம் பார்த்து உட்காராது. ஹீட்சிங்க், உலோகத் தட்டு, ஸ்க்ரூ எல்லாவற்றிலும் பரவலாகப் படியும். துரு எல்லா ஸ்க்ரூவிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், விளிம்புக்கோடு இருக்காது. உங்கள் இயந்திரத்தில் இரண்டே ஸ்க்ரூ, அதுவும் ஒரே ஓரம். எனவே லேப்டாப் தானே வியர்த்தது என்பது பொருந்தவில்லை.

வெள்ளைப் பொடி தனிக் கதை. அல்ட்ராசோனிக் ஹ்யூமிடிஃபையர் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் துகளாகச் சிதறடிக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் கூடவே பறந்து, ஃபேன் இழுக்கும் இடத்தில் படியும். அதே அறையில் அது ஓடுகிறதா என்று கேளுங்கள். இந்தக் களிம்புக்குக் காரணம் அது அல்ல என்றாலும் நிறுத்த வேண்டியதுதான்.

கோடைமேகம்

திரையில் நேரடியாக ஸ்ப்ரே அடித்துத் துடைத்திருந்தால்? அது கீழே வழிந்து உள்ளே போகும் என்று கேள்வி.

போர்டுகாரன்

போகும், நிறையப் பேர் கவனிக்காத காரணம் அது. ஆனால் அப்போது முதல் அடி திரையின் கீழ் விளிம்புக்குத்தான். அங்கே பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டிய டிரைவர் ஐசிகள் இருக்கின்றன, நனைந்தால் திரையில் செங்குத்துக் கோடு விழும். மீதி கீல் பக்கம் இறங்கும். 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானிலும் மீதி 30 சதவீதம் தண்ணீர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தக் கேஸில் கீல் பக்கம் சுத்தம், திரையும் சுத்தம். அதனால் இல்லை.

நுண்ணோக்கி

எந்த நீர் என்பதையும் பார்த்துவிடலாம். மலிவான கருவிகள் போதும்.

டிஸ்டில்டு வாட்டர் 5 மி.லி. எடுத்து டிடிஎஸ் மீட்டரில் (நீரில் கரைந்த உப்பைக் காட்டுவது) அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கீழ்மூடியில் கோடு இல்லாத சுத்தமான இடத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பைக் காட்டன் பட்ஸால் துடைத்து அந்த நீரில் அலசி அளங்கள். பிறகு புது நீர், புது பட்ஸ், கோடு உள்ள இடத்தில் அதே பரப்பு. மீட்டர் முனை மூழ்கக் குறுகிய குப்பி வேண்டும். போர்டில் எடுக்காதீர்கள், களிம்பே கரைந்து எண்ணை ஏற்றிவிடும். ஒப்பிடும்போதுதான் எண்ணுக்கு அர்த்தம், தனி எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

குழாய் நீர், வியர்வை, குளிர்பானம், குழம்பு என எதுவானாலும் உப்போ சர்க்கரையோ எச்சமாக நிற்கும். உப்பு டிடிஎஸ்-இல் தெரியும். சர்க்கரை தெரியாது, அதற்கு விரல்தான் மீட்டர், ஒட்டும். பிஎச் தாளையும் நனைத்துப் பாருங்கள். கோலா கடும் அமிலம், பழைய ரீசார்ஜ் செல் கசிவு கடும் காரம். நடுவில் இருக்கும் நிறம் எதையும் நிரூபிக்காது.

365 நானோமீட்டர் யூவி டார்ச் இருந்தால் இருட்டில் அடியுங்கள். பூனை மூத்திரம், பால், டானிக் வாட்டர், சலவைத்தூள் ஆகியவை ஒளிரும். ஃபிளக்ஸ் சிலவும் ஒளிரும், தொழிற்சாலையில் பூசும் பாதுகாப்புப் பூச்சும் ஒளிரும். எனவே சால்டர் இணைப்பைச் சுற்றி மட்டும் தெரியும் ஒளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சால்டர்முனை

டிஸ்டில்டு வாட்டர் 1, சுத்தமான இடம் 3, கோடு உள்ள இடம் 5. ஒட்டவில்லை. பிஎச் தாளில் மாற்றம் இல்லை. யூவியில் நான் சால்டர் செய்த இடம் மட்டும் லேசாக ஒளிர்கிறது.

நுண்ணோக்கி

3-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் தூசியிலேயே வரும். மூன்று முறை நனைந்து காய்ந்த இடத்தில் குழாய் நீராக இருந்தால் வெள்ளைக் கோடு கண்ணுக்கே தெரிந்திருக்கும். வந்தது கிட்டத்தட்ட எச்சமே இல்லாத நீர். மழைநீர், அல்லது குளிர்ந்த பரப்பில் காற்றிலிருந்து படிந்த நீர்.

ஈரமானி

அப்படியானால் பை. லேப்டாப் இடப்பக்கம் கீழாகச் செங்குத்தாக நிற்கும் இடம் பைதான். உள்ளே குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வைக்கிறாரா என்று கேளுங்கள். "பாட்டில் ஒழுகுகிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், அது உண்மையும்கூட. பாட்டில் ஒழுக வேண்டாம், வியர்த்தால் போதும்.

கணக்கு இது. ஒரு லிட்டர் நீர் 5 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஏறச் சுமார் 84 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீராவி நீராகப் படியும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். பாட்டிலுக்குக் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்படி வந்தாலே 11, 12 கிராம் நீர் வெளியே படிந்துவிடும். தேக்கரண்டியால் அளந்தால் இரண்டுக்கு மேல்.

கபாசிட்டர்

ஈரமானி, கணக்கில் ஒரு இடம் இடிக்கிறது. மூடிய பைக்குள் காற்று எவ்வளவு? 30 லிட்டர் பை என்றே வைப்போம். நீங்கள் சொன்ன 35 டிகிரி, 70 சதவீதக் காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 28 கிராம் நீராவி. 30 லிட்டருக்கு 0.8 கிராம்தான் வருகிறது. அதில் பாதி படிந்தாலும் அரை கிராம்கூட இல்லை. 12 கிராம் எங்கிருந்து வரும்?

ஈரமானி

சரியான கேள்வி. காற்றுப் புகாத பெட்டி என்றால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும், ஒரு கிராம்கூட வராது. ஆனால் முதுகுப்பைத் துணி காற்றைத் தடுக்காது, ஜிப்பும் தடுக்காது, நடக்கும்போது பை அமுங்கி விரிந்து காற்றை மாற்றிக்கொண்டே இருக்கும். பாட்டில் வெளிப்பக்க வலைப்பையில் இருந்தால் அது முழுக்க வெளிக்காற்றில்தான் நிற்கிறது. அப்போது 12 கிராமும் தாராளமாக வரும். வழியும் நீர் வலைப்பையின் அடித் தையலில் இறங்கி, பையின் அடித்துணியில் பரவும். லேப்டாப் அறை அடித்துணியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்பாஞ்ச் அதை உறிஞ்சும். லேப்டாப் விளிம்பு அந்த ஈர ஸ்பாஞ்சில் உட்கார்ந்திருக்கும், போர்ட் வாய் கீழ்நோக்கி.

கபாசிட்டர்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மழைநீரும் இதே மாதிரிதானே? ஜிப் வழியாக இறங்கி அடியில் தேங்கும், அதுவும் எச்சம் விடாது. எச்சத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

போர்டுகாரன்

சோதனை எளிது. சாதாரண வெள்ளைத் தாளை 2 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் குறுக்கே நெருக்கமாகக் கோடு போடுங்கள். ஒரு பட்டை லேப்டாப் அறையின் அடியில், ஒன்று அதே அறையின் மேல் விளிம்பில், ஒன்று பாட்டில் பையின் அடியில், ஒன்று பையின் நடு அறையில். பட்டையிலேயே தேதியும் இடமும் பென்சிலால் எழுதுங்கள், பென்சில் கரையாது. மழையென்றால் மேல் பட்டையும் கலையும். பாட்டில் என்றால் பாட்டில் பையும் அறையின் அடியும் மட்டும் கலையும்.

கூடவே லேப்டாப் உறையைக் காலையிலும் மாலையிலும் ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் எடை போடச் சொல்லுங்கள். ஸ்பாஞ்ச் கைக்கு உலர்ந்தது போலத் தெரியும்போதும் எடை கூடியிருக்கும்.

ஈரம் காட்டும் ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறார்கள். போர்ட்டுக்குப் பின்னால், இரண்டு கீல்களுக்கு அடியில், டச்பேட் ஓரம், ஃபேன் வாய் அருகில் என்று ஐந்து இடத்தில் ஒட்டி, படம் எடுத்து வைத்துவிட்டு மூடுங்கள். பழைய சிவந்த ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தில் புதிதை ஒட்டுங்கள். ஆனால் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகுதான்.

ஈரமானி

லேப்டாப் ஆன் ஆனால் அதன் லாக் (நடந்தவற்றின் பதிவு) என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். விண்டோஸ் என்றால் ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 105 என்பது சார்ஜர் இணைப்பு மாறிய நேரம். 41, 6008 இரண்டும் முன்பு ஒழுங்காக மூடாமல் நின்றுபோனதைக் காட்டும். சார்ஜர் நிமிடத்துக்குப் பத்து முறை சேர்ந்து விலகியிருந்தால் 105 வரிசையாக நிற்கும். அது நாளில் எந்த நேரத்தில் குவிகிறது என்பதே பதில் சொல்லும்.

புதுவாசகி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பையும் இப்படித்தான், பாட்டில் பக்கத்திலேயே. போர்ட் ஈரமாக இருப்பது தெரிந்தால் உடனே என்ன செய்வது?

பழையபேட்டரி

சார்ஜர் போடாதீர்கள், அதுதான் முதலும் முக்கியமும். லேப்டாப்பை முழுதாக அணைத்து, போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து லேசாகத் தட்டுங்கள். பிறகு ஃபேன் காற்றில் வையுங்கள். போர்ட்டுக்குள் பஞ்சோ டிஷ்யூவோ நுழைக்க வேண்டாம், நடுவில் உள்ள நாக்கு வளையும். ஹேர் டிரையர் சூடு கீகேப்பையும் திரையை ஒட்டிய பசையையும் கெடுக்கும். அரிசியில் புதைத்தால் மாவும் தூசியும் போர்ட்டில் ஏறும், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. போர்ட் வாயில் மட்டும் ஈரம் என்றால் ஃபேன் காற்றில் சில மணி நேரம். கேஸுக்குள் போயிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் காய வைத்துக் காத்திருப்பதைவிடப் பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுவதுதான் நல்லது. அணைத்து வைத்த லேப்டாப்பிலும் பேட்டரி இணைந்திருக்கும் வரை சில லைன்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

சால்டர்முனை

எல்லாருக்கும் நன்றி. முடிவுகள்:

லாக்கில் 105 காலை முதல் முறை சார்ஜர் போடும் நேரத்தில் மட்டும் குவிந்திருக்கிறது. மாலையில் சுத்தமாக இல்லை. வீட்டிலிருந்து அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் சொருகுகிற சார்ஜர் அது.

பாட்டில் உண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து வெளி வலைப்பையில் வைப்பது வழக்கம், ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில், ஒற்றைச் சுவர். தாள் பட்டை வைத்ததில் பாட்டில் பையில் இருந்தது முழுக்கக் கலைந்துவிட்டது, லேப்டாப் அறையின் அடியில் இருந்தது ஒரு முனையில் மட்டும் ஊறிக் கலைந்திருக்கிறது. மேல் விளிம்பும் நடு அறையும் அப்படியே இருக்கின்றன. மழை இல்லாத நாட்கள் அவை. உறையின் எடை அலுவலகம் போய்ச் சேரும்போது 4 கிராம் கூடியிருந்தது.

ஹ்யூமிடிஃபையரும் இருக்கிறது, படுக்கையறை மேசையில். அதைத் தள்ளி வைக்கச் சொல்லியாயிற்று.

போர்டு பக்கம்: போர்ட்டை எடுத்தபின் சிசி1-இல் 0.52, சிசி2-இல் 0.09. பாதுகாப்பு டயோடைக் கழற்றியதும் சிசி2 0.51-க்கு வந்துவிட்டது. ஐசி தப்பித்தது.

நுண்ணோக்கி

நல்ல செய்தி. டயோடை விட்டுவிட்டு ஓட்டலாம் என்று தோன்றும், அது வேண்டாம். அதே மின்னழுத்த வரம்புள்ளதைப் போடுங்கள். இந்த முறை ஐசியைக் காப்பாற்றியதே அந்த டயோடுதான்.

களிம்பு எடுக்கும்போது ஃபைபர்கிளாஸ் பேனாவால் பளபளப்பான செம்பு தெரியும் வரை தேயுங்கள். பச்சை மாஸ்க் கறுத்திருக்கும் இடத்தில் மாஸ்க்கையும் சுரண்டித் திறக்க வேண்டும், அடியில் விட்டால் களிம்பு மூடிக்கிடந்தபடியே தின்னும். திறந்த செம்பில் மெல்லிசாக ஈயம் பூசி, யூவி மாஸ்க் தடவி யூவி ஒளியில் கெட்டியாக்குங்கள். அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் ஃபேன், ஸ்பீக்கர், மைக், பேட்டரி எல்லாம் கழற்றியபின் போர்டு மட்டும், 40 முதல் 50 டிகிரியில் சில நிமிடம். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் அலசி, 99 சதவீத ஐபிஏ-யில் முக்கி எடுத்து, 60 டிகிரியில் சில மணி நேரம் காய வையுங்கள். பெரிய சிப்களுக்கு அடியில் நிற்கும் நீர் அவசரப்பட்டால் போகாது.

புது போர்ட் போடும் முன் அதன் உலோகக் கூட்டுக்கு அடியில் உள்ள பேடுகளைப் பாருங்கள். போன முறை களிம்பு அங்கே மிச்சமிருந்திருந்தால் இந்த முறை வேகமாகப் பரவியதற்கு அதுவும் துணை போயிருக்கும்.

ஈரமானி

சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டியது: இரட்டைச் சுவர் வெற்றிட பாட்டில் என்றால் வெளிப்பக்கம் வியர்க்காது, அதற்கு மாறினாலே பிரச்சினை பெரும்பாலும் தீரும். இல்லையென்றால் பாட்டில் தனிப் பையில் போகட்டும். அடுத்த பை வாங்கும்போது லேப்டாப் அறைக்குள் கையை விட்டுப் பாருங்கள், அறையின் தரை பையின் தரைக்கு இரண்டு விரல் மேலே தொங்க வேண்டும். லேப்டாப்பைத் திருப்பி வைத்து வலப்பக்கம் கீழே வரச் செய்வது தீர்வல்ல, அங்கும் போர்ட் இருக்கிறது.

ஈரமாகிப்போன உறையை இப்போதே தூக்கிப் போட வேண்டாம். ஆனால் உரித்து, உள்ளே வெளியே திருப்பி, எடை பழைய நிலைக்கு வரும் வரை காய வையுங்கள்.

சால்டர்முனை

டயோட் மாற்றி, போர்ட் போட்டாயிற்று. இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு 20 வோல்ட் வருகிறது, லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டியதில் போர்ட் பக்கம் அசாதாரணச் சூடு இல்லை. ஐந்து புது ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்து மூடியிருக்கிறேன். வெற்றிட பாட்டிலுக்கு மாறியபின் வைத்த பட்டைகள் நான்கும் கலையவில்லை. அடுத்த சர்வீஸில் திறக்கும்போது ஸ்டிக்கர் படத்தை இங்கே போடுகிறேன்.